இரண்டரை சதவீதம்

மனித குலத்தின் முன்னேற்றத்தை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம்: நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, 'புதுமை சார்' ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்க வந்தது. முதல் இரண்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்றாவது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அந்தக் குறையைப் போக்குவதே இந்த எளிய முயற்சி.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் காவலாளி முதல் தலைமையாசிரியை வரை எல்லோருக்கும் அவர் புதுமை சார்தான். சேர்ந்த முதல் வருடமே கரும்பலகையைக் கழற்றினார். மிச்சமிருந்த சாக்பீஸ்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, 'பண்டைய கருவிகள், தொடாதீர்கள்' என்று எழுதி வைத்தார். இரண்டாம் வருடம் கைரேகை வருகைப் பதிவு. நாற்பது நிமிடப் பாடவேளையில் முப்பத்தைந்து நிமிடம் குழந்தைகள் வரிசையில் நின்று விரலைத் தேய்த்தார்கள். யார் வந்தார்கள் என்பதில் துளிக் குழப்பமும் இல்லை. எதற்கு வந்தார்கள் என்பது மட்டும்தான் தெளிவில்லாமல் இருந்தது. மூன்றாம் வருடம் தன் பாடங்கள் அனைத்தையும் காணொளியாக எடுத்தார். திரையில் அவர் பேச, திரைக்குப் பக்கத்தில் அவரே நின்று தலையாட்டினார். தன் பாடத்தைத் தானே இவ்வளவு மரியாதையோடு கேட்ட ஆசிரியரை உலகம் அதற்கு முன் கண்டதில்லை.

நான்காம் வருடம் வந்தது கவனமானி.

பலகை இருந்த இடத்தில் ஒரு கேமரா. ஒவ்வொரு மேசையிலும் ஒரு குட்டி விளக்கு. குழந்தையின் கண் நேராக முன்னால் பார்த்தால் பச்சை. நான்கு விநாடிக்கு மேல் வேறெங்காவது போனால் சிவப்பு. சுவரில் பெரிய திரை. அதில் வகுப்பின் சராசரிக் கவனம், சதவீதத்தில்.

குழந்தைகள் இயந்திரத்தைப் பத்தே நாளில் புரிந்துகொண்டார்கள். கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையில் தேர்ந்தான். நாற்பது நிமிடமும் இமை அசையாது. அவனை வகுப்புத் தலைவனாக்கி, சட்டையில் பச்சை வில்லையும் குத்தினார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் 'பச்சை'.

நாற்பது பேர். முப்பத்தொன்பது பச்சை. திரையில் நாள் தவறாமல் ஒரே எண்: 97.5.

குறைந்த இரண்டரை சதவீதம் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தது. அது புதுமை சாரின் மனைவியுடைய அக்கா மகள். வீட்டில் அவரைச் சித்தப்பா என்பாள், பள்ளியில் சார். வகுப்பு அவளுக்கு 'இரண்டரை' என்று பெயர் வைத்திருந்தது. ஒவ்வொரு தேர்விலும் கணக்கில் அவள்தான் முதல். ஆனால் மதிப்பெண் என்பது பழைய முறை. புதிய முறையில் அவள் கடைசி.

"சார், இந்த வருஷம் புத்தாக்க விருது நமக்குத்தான்," என்றார் தலைமையாசிரியை. "குழு வர்ற அன்னிக்கு நூறு காட்டணும். காட்டிட்டா உங்களை ஆலோசகரா எடுத்துக்குவாங்க. அப்புறம் நீங்க வகுப்புக்கே போக வேண்டாம்!"

நல்லாசிரியருக்குக் கல்வி உலகம் தரக்கூடிய உச்சபட்சப் பரிசு, இனி பாடம் நடத்த வேண்டாம் என்பதுதான். புதுமை சாருக்குக் கண் கலங்கியது.

"ஆனா மேடம், அந்த ஒரு பொண்ணு…"

"கவன மேம்பாட்டு அறைக்கு மாத்திடுங்க. வருஷம் முடியற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

கவன மேம்பாட்டு அறை என்பது உடைந்த பெஞ்சுகளும் பழைய வரைபடங்களும் கிடந்த அறை. அதன் சிறப்பு, அதற்கு ஜன்னலே கிடையாது. அங்கே அனுப்பிவிட்டு மைத்துனியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் தயங்கினார்.

"ரெண்டு வாரம் டைம் குடுங்க மேடம். நானே பயிற்சி குடுக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் பயிற்சி தொடங்கியது. தன் வீட்டுக் கூடத்தில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே சுவர்க் கடிகாரத்தை மாட்டினார்.

"இதையே பாரு. கண்ணு அசையக்கூடாது. எங்கிட்டயும் வேண்டாம், ஜன்னல்கிட்டயும் வேண்டாம்."

"கணக்கு போடணும்னா?"

"போடு. யார் வேண்டாம்னா? நேராப் பாத்துக்கிட்டே போடு."

"வரமாட்டேங்குது சித்தப்பா. நேராப் பாத்தா உங்க மூஞ்சி இருக்கு, பின்னால திரை இருக்கு, அதுல நம்பர் ஓடுது. எடமே இல்ல. ஜன்னல்ல ஒண்ணும் இல்ல. அதனால அங்க கணக்கு போட முடியுது."

"ஒண்ணும் இல்லாதத எதுக்குப் பாக்கற?"

"சுத்தமா ஒண்ணும் இல்லன்னு இல்ல. எதிர்ச் சுவத்துல ஒரு தண்ணிக் குழாய் போகுது. அதைப் பிடிச்சுக்கிட்டு வளையம் இருக்கு, பன்னெண்டு. அதை வச்சுத்தான் பின்னம் எல்லாம் போடுவேன்."

நவீனக் கருவிகள் நாற்பது கிடக்க, ஒரு குழந்தை தண்ணீர்க் குழாயை வைத்துக் கணக்குப் படிப்பதைக் கேட்டு அவருக்கு நெஞ்சு கனத்தது.

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நேத்து நான் பேசினப்ப என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தீங்களே, நான் என்ன சொன்னேன்?"

புதுமை சார் அவளை நேராகப் பார்த்தார். கண் அசையவில்லை. 

"குழாய் ரிப்பேர் பண்றவர் வருவாரு, வீட்ல இருங்கன்னு சொன்னேன். அவர் வந்து பூட்டின கதவைப் பாத்துட்டுப் போயிட்டாரு. இப்ப சமையக்கட்டு முழுக்கத் தண்ணி. ஆனா பாருங்க, நேத்து நீங்க சுத்தப் பச்சை!"

சிறுமி சிரித்தாள். "சிரிக்காதே, கண்ணு சுருங்குது," என்றார் சித்தப்பா.

"நான் மாறலேன்னா என்ன பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் அந்த அறையைப் பற்றிச் சொன்னார். அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "அதுல ஜன்னல் இருக்கா?"

"இல்லம்மா."

"நான் மாறிட்டா, என் இடத்துலயே உட்காந்துக்கலாமா? ஜன்னலைப் பாக்கமாட்டேன். பக்கத்துல இருந்தாப் போதும்."

"தாராளமா," என்றார் அவர். எந்தக் கல்விக் கொள்கையிலும் இவ்வளவு தாராளம் எழுதப்பட்டதில்லை.

பத்தாவது நாள் அவள் பதினைந்து நிமிடம் தாக்குப்பிடித்தாள். பதினான்காவது நாள் நாற்பது நிமிடம். அன்று அவளுடைய நோட்டில் ஒரு கணக்கும் இல்லை என்பதை அவர் பார்த்தார். பார்த்தும், வளர்ச்சிப் பாதையில் இதெல்லாம் சகஜம் என்று நோட்டை மூடி வைத்தார்.

விருதுக் குழுவில் மூன்று பேர். ஒருவர் வந்ததிலிருந்து போகும்வரை போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவர்தான் கவனவியல் நிபுணர். இன்னொருவர் திரையைப் படம் எடுத்தார். மூன்றாமவர் குழுத் தலைவி.

வகுப்பில் நாற்பது விளக்கும் பச்சை. திரையில் 100. தலைமையாசிரியை கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"பிரமாதம்!" என்றார் தலைவி. பிறகு, இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "இன்னிக்குப் பின்னம்தானே பாடம்? பன்னெண்டுல மூணுல ஒரு பங்கு போச்சு. அதே பன்னெண்டுல நாலுல ஒரு பங்கும் போச்சு. மிச்சம் எவ்வளவு? வகுப்புத் தலைவர் சொல்லுங்க."

பச்சை எழுந்தான். இமைக்காமல் அவரையே பார்த்தான்.

"பச்சை மேடம்."

"என்னப்பா?"

"முழுசாப் பச்சை மேடம். நூத்துக்கு நூறு."

"சரி, வேற யாராவது?"

நாற்பது ஜோடிக் கண்கள் முன்னால் பார்த்தன. ஒரு கண் மேலே போகவில்லை. ஒரு விரல்கூட மடங்கவில்லை. அவ்வளவு தூய்மையான கவனம்.

அப்போது புதுமை சார் கவனித்தார். ஜன்னலோர மேசையில் அந்தப் பெண்ணின் கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று அவர் மனதுக்குள் விநாடிகளை எண்ணினார். இன்னும் கொஞ்சம் திரும்பினால் விடை வந்துவிடும். விருதும் போய்விடும். தலைவிக்குப் பின்னால் நின்றபடி அவர் இரு கைகளையும் கூப்பினார்.

அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்வை நேரானது.

"நீ சொல்லும்மா. உனக்குத் தெரியும் போல இருக்கே?" என்றார் தலைவி.

"தெரியாது மேடம்," என்றாள் அவள், நேராகப் பார்த்து.

திரையில் 100 அசையவில்லை. கைதட்டல் எழுந்தது. போன்காரரும் ஒரு கையால் தட்டினார்.

ஒரு மாதத்தில் விருது வந்தது. ஆலோசகர் பதவியும் வந்தது. ஆலோசகராக அவர் செய்த முதல் பரிந்துரை, ஆசிரியர் மேசைகளிலும் விளக்கு வேண்டும் என்பது. முதல் விளக்கை அவருடைய மேசையிலேயே பொருத்தி, அதே வகுப்பில் பாராட்டு விழா நடத்தினார்கள். தலைமையாசிரியை விருதுப் பத்திரத்தைக் கம்பீரமாக வாசித்தார்:

"'இவ்வகுப்பின் நாற்பது மாணவர்களுள் ஒருவரிடம் மட்டும் யோசிக்கும் பழக்கம் இருந்தது. ஆசிரியரின் அயராத முயற்சியால் அவரும் இரண்டே வாரத்தில் திருத்தப்பட்டார்.'"

எல்லோரும் கைதட்டினார்கள். புதுமை சார் ஜன்னலோர மேசையைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, சிரிப்பு இல்லை, இமைப்பும் இல்லை. சுத்தமான பச்சை. அந்தப் பார்வைக்கு முன்னால் எதையும் யோசிக்க அவருக்கு இடமே இல்லை.

அவர் கண்ணைத் திருப்பினார். திரும்பிய இடத்தில் ஜன்னல். எதிர்ச் சுவர். ஒரு தண்ணீர்க் குழாய். அதைப் பிடித்துக்கொண்டு வளையங்கள். எண்ணினார், பன்னிரண்டு. மூன்றில் ஒரு பங்கு என்றால் மேலிருந்து நான்கு. நான்கில் ஒரு பங்கு என்றால் அதற்குக் கீழே மூன்று. மிச்சம்… ஐந்து. இவ்வளவுதானா என்று அவர் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்.

"மேடம்!" பச்சை துள்ளி எழுந்தான். "சார் விளக்கு சிவப்பு மேடம்! சார் யோசிக்கறாரு!"

திரையில் நூறு சரிந்தது. நாற்பது முகங்களும் நேராக அவரைப் பார்த்தன. தலைமையாசிரியை அருகில் வந்து, கனிவோடு அவர் முகத்தை முன்பக்கம் திருப்பிவிட்டார்.

"பதறாதீங்க சார். ரெண்டே வாரப் பயிற்சி போதும். அந்தப் பொண்ணுக்கே சரியாப் போச்சே!"