நாயின் காதில் மச்சான் சொன்ன பெயர்

நாய்க்குப் பெயர் வைப்பது ஐந்து நிமிட வேலை என்று யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை. எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் தெருவில் மேளச் சத்தம் கேட்டால் என் கை தானாகவே வாசல் கதவைத் தாழிடப் போகிறது.

நான் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். எந்தக் குப்பியை எடுத்தாலும் முதலில் அபாயக் குறிப்பைத்தான் படிப்பேன். பிள்ளை வளர்ப்பதிலும் அதே வழக்கம்தான். என் மகள் வர்ஷினி பூங்காவில் ஊஞ்சல் ஆட வேண்டுமென்றால், சங்கிலி, கொக்கி, கீழே இருக்கும் தரை எல்லாவற்றையும் நான் ஒரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். (பாவம், அதற்குள் மற்ற பிள்ளைகள் ஆடி முடித்து வீட்டுக்கே போயிருக்கும்.)

அப்படிப்பட்ட வீட்டுக்குள் அவள் பதினோரு வயதில் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒத்தக்கடையில் புதிதாக முளைத்த வீடுகளில் ஒன்று எங்களுடையது. குட்டியின் தாய், பஸ் ஸ்டாப் டீக்கடையில் பன் தின்று பிழைக்கும் தெரு நாய். தகப்பன் யாரென்று குட்டியின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு தெரு தள்ளி ஏசி அறையில் குடியிருக்கும் ஒரு ஹஸ்கி. குட்டிக்கு உடம்பெல்லாம் நம்மூர்ச் செம்மண் நிறம். கண் இரண்டும் நீலம். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்தால் ஒரு நீலம் வருமே, அந்த நீலம். அது அண்ணாந்து பார்த்தால், நான் ஏதோ தப்புச் செய்துவிட்டு அதனிடம் மறைப்பது போல எனக்கே தோன்றும்.

பெயர் வைக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். அதுதான் வினை.

"மணின்னு வச்சுட்டு வேலையப் பாருங்க" என்றாள் என் மனைவி ஜெயக்கொடி.

எங்கள் தெருவில் ஏற்கெனவே மூன்று மணி. நான் எங்கள் மணியை அதட்டினால் மூன்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வேண்டாம் என்றேன். மகள் ‘ஸ்கை’ என்றாள். வாசலில் நின்று ஸ்கை, ஸ்கை என்று நான் கூவினால், சார் மழைக்கு வேண்டிக்கொள்கிறார் என்று நினைப்பார்கள். ‘வைரம்’ என்றாள். பள்ளியிலிருந்து போன் செய்து, "அப்பா, வைரம் வீட்டுலதான இருக்கு" என்று இவள் கேட்பதைத் திருடன் எவனாவது கேட்டுவைத்தால்? நீலக்கண் வெள்ளைக்காரனை நினைத்து நானே ‘துரை’ என்று ஒரு பெயர் கண்டுபிடித்தேன். பிறகு எண்ணிப் பார்த்ததில், பேரையூரில் மனைவி வழியில் நான்கு துரை இருந்தார்கள். நால்வரும் கோபக்காரர்கள்.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. குட்டி ‘ஏய்’, ‘இந்தா’, ‘ச்சீ’ என்ற மூன்று பெயர்களில் வளர்ந்துகொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வர்ஷினி கேட்டாள். "அப்பா, எனக்கு மட்டும் எப்படிப்பா பேர் வச்ச? பத்து வருஷம் ஆயிருக்கணுமே."

"நான் வைக்கல. உங்க மாமா வச்சாரு."

அடுப்படியில் ஜெயக்கொடியின் கரண்டிச் சத்தம் நின்றது.

மாமா என்றால் ஜெயக்கொடியின் அண்ணன் ராசாங்கம், என் மச்சான். பேரையூர்ப் பக்கம் விவசாயம். அவர்கள் குடும்பத்தில் தங்கை பிள்ளைக்குத் தாய்மாமன்தான் எல்லாம். பெயரைப் பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்வது அவர். மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் பிள்ளை உட்காருவது அவர் மடியில். வர்ஷினிக்குப் பெயரும் மொட்டையும் முறைப்படி நடந்தன. காதுகுத்தைத்தான் நான் ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போட்டேன். ஊசியில் துரு இருக்கும், சீழ் வைக்கும், காய்ச்சல் வரும். கடைசியில் அவளுடைய எட்டாவது வயதில், யாரிடமும் சொல்லாமல், ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போய்க் குத்திக்கொண்டு வந்துவிட்டேன். கையுறை, கிருமிநாசினி, மூன்று நிமிடம். காது இரண்டும் கச்சிதமாக ஆறின. ஆறாதது மச்சான்தான்.

மூன்று மாதம் கழித்து வேறு ஏதோ பேச்சின் நடுவே போனில் அவரிடம் இதைச் சொன்னேன். (நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். படித்தவனுக்கு இது தோன்றவில்லை.) ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு மடியில வச்சுக் குத்துனீக மாப்ள?"

"மடி இல்ல மச்சான். ஸ்டூல்."

போன் கட்டாகிவிட்டது. அது போய் மூன்று வருடம். ஜெயக்கொடி என்னோடு ஒரு நாள்கூடச் சண்டை போடவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அண்ணன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், பிறகு போனை மேசையில் கவிழ்த்துவிட்டுப் போவாள். அதற்கு அவள் சண்டையே போட்டிருக்கலாம்.

இதெல்லாம் தெரிந்தும் அன்று இரவு நான் என்ன செய்தேன் தெரியுமா? நகைச்சுவை உணர்ச்சி பொங்கி, மனைவியின் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில், நாயின் படத்தோடு ஒரு அழைப்பிதழ் எழுதிப் போட்டேன்: "அன்புடையீர், எங்கள் இல்லத்தின் நீலக்கண் செல்வனுக்கு வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெயர் சூட்டு விழா. தாய்மாமன் சீர்வரிசையுடன் வருகை தந்து பெயர் சூட்ட, சுற்றமும் நட்பும் சூழ வந்து வாழ்த்த வேண்டுகிறோம்."

அந்தக் குழுவில் மச்சானும் இருக்கிறார் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. மூன்று வருடமாகச் சத்தமில்லாமல் இருந்தவரை நான் இல்லாதவர் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தேன். சிரிப்பு முகங்களாக வந்து விழுந்தன. நான் ஒவ்வொன்றையும் ரசித்துக்கொண்டிருந்தேன். பத்தாவதாக ஒரு பதில் வந்தது. அதில் சிரிப்பு முகம் இல்லை. ஒரே ஒரு சொல்.

"வாரேன்."

அனுப்பியவர் ராசாங்கம்.

ஜெயக்கொடி போனை என் கையிலிருந்து வாங்கி அந்தச் சொல்லைப் பார்த்தாள். அதில் பார்ப்பதற்கு அவ்வளவு இருக்கிறதா என்று தோன்றுமளவுக்குப் பார்த்தாள்.

"இது வெளையாட்டுன்னு இப்பவே சொல்லிர்றேன்" என்றேன்.

"சொன்னீகன்னா எங்கண்ணே இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காது. ஊரே படிச்சிருக்கு. அது வாரேன்னு எழுதுனதையும் ஊரே படிச்சிருக்கு."

"வந்தா என்னத்த செய்யிறது?"

"நாய்க்குப் பேரு வைக்கிறது. வேற என்ன?"

ஒரு மனிதர்தானே வருவார், கூட மதினியும் வரலாம் என்று கணக்குப் போட்டு ஜெயக்கொடி ஒரு கிலோ ஆட்டுக்கறி எடுக்கச் சொன்னாள். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. வருவது பெயர் வைக்கவா, என்னை நாலு கேட்கவா? ‘வாரேன்’ என்பதில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்குத் தெருமுனையில் தவில் சத்தம் கேட்டது. எங்கேயோ கல்யாணம் என்று நினைத்தேன். சத்தம் எங்கள் வீட்டை நோக்கித் திரும்பியது. ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து மனிதர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இருபத்தேழு பேர். நான்கு துரைகளும் அதில் அடக்கம். பெண்கள் கையில் சீர்த் தட்டுகள். ஒரு தட்டில் ஆப்பிள், ஒன்றில் ரஸ்க்கு, ஒன்றில் பிஸ்கட் பொட்டலங்கள் கோபுரமாக, ஒன்றில் தோல் பட்டையும் வெண்கல மணியும், ஒன்றில் மடித்த கம்பளி. கடைசித் தட்டை மட்டும் துண்டு போட்டு மூடியிருந்தார்கள்.

எதிர் வீட்டுக்காரர் வாசல் கேட் அருகே வந்தார். "சார், வீட்டுல விசேஷமா? ஒரு வார்த்த சொல்லலையே. யாருக்கு?"

"சின்னவனுக்கு" என்றேன். எங்களுக்கு ஒரே பெண் என்பது அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தபடியே திரும்பிப் போனார்.

மச்சான் வெள்ளை வேட்டி சட்டையில் உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார். "கறி எம்புட்டு எடுத்த?"

"ஒரு கிலோண்ணே."

"தெரியும். வண்டில பிரியாணி அண்டா இருக்கு, எறக்கச் சொல்லு. எங்க பிள்ள?"

பிள்ளையைக் காணோம். தவில் வீட்டுக்குள் வந்ததுமே அது படுக்கையறைக்குள் ஓடி, கட்டிலுக்கு அடியில், சுவரோரத்து மூலையில் போய் ஒடுங்கிவிட்டது. இருட்டில் இரண்டு நீலப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. வர்ஷினி கூப்பிட்டாள், வரவில்லை. ரஸ்க்கை நீட்டினாள், வரவில்லை. நல்ல நேரம் போகிறது என்று துரைகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மிரண்டிருக்கிற குட்டி கடித்துவிட்டால்? மகளை விலக்கிவிட்டு, இருபத்தேழு பேர் முன்னிலையில், புது வேட்டியோடு நான் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தேன்.

எங்கள் கல்யாணத்துக்கு மச்சான் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில் அது. யானை ஏறினாலும் அசையாது. பாதி தூரம் போனதும் ஏதோ ஒரு ஆணி என் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டது. முன்னே போனால் சட்டை கிழியும். பின்னே வந்தால் வேட்டி வராது. (அன்றைக்கென்று பெல்ட் போடவில்லை.) அசையாமல் கிடந்தேன். நாய் என்னைப் பார்த்தது. அந்த நீலக்கண் பார்வையில் இரக்கம் இருந்தது.

சற்று நேரத்தில் கட்டிலின் மறுபக்கத்தில் மச்சானின் முகம், கன்னம் தரையில் படும்படி, படுக்கைவாக்கில் தெரிந்தது.

"மாப்ள, வெளிய வாரீகளா, அங்கனயே குடும்பம் நடத்தப் போறீகளா?"

"மாட்டிக்கிட்டேன் மச்சான்."

"அது எனக்கு வியாழக்கெழமையே தெரியும்."

வெளியே தவில்காரர் உற்சாகமாகிவிட்டார். நாங்கள் பேசுவது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அந்தத் தைரியத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "மச்சான், அந்த மெசேஜ் நான் சும்மா வெளையாட்டுக்குத்தான்…"

"நாய்க்குத் தாய்மாமன்னு எழுதியிருக்கீக. படிச்சா வெளையாட்டுன்னு தெரியாதா எனக்கு? வெளையாட்டுக்காவது நம்ம நெனப்பு வந்துச்சேன்னு கெளம்பி வந்தேன்."

முகத்துக்கு நேரே இருந்த தூசியை ஊதித் தள்ளினேன். "காதுகுத்துக்கு உங்கள முன்னாடியே கேட்டிருக்கணும். அப்புறமாவது நேர்ல வந்து சொல்லியிருக்கணும். தப்பு எம்மேலதான்."

"மூணு வருசமா இத நின்னுக்கிட்டுச் சொல்ல முடியலையாக்கும், இப்பப் படுத்துக்கிட்டுச் சொல்றீக. காதுகுத்து விருந்துக்குன்னு வளத்த கிடா இன்னிக்குக் கன்னுக்குட்டி கணக்கா நிக்குது. அத வெட்டவும் மனசில்ல, விக்கவும் மனசில்ல."

அந்த நேரத்தில் நாய் எழுந்தது. என் தலையை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி மறுபக்கம் வெளியே போய்விட்டது. நான் எதற்காக உள்ளே வந்தேனோ அந்தக் காரியம் என் உதவியில்லாமலேயே முடிந்தது. பிறகு நான் பார்த்ததெல்லாம் கால்கள்தான். மச்சான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நாயின் வால் அவர் மடியிலிருந்து தொங்கியது. எல்லாக் கால்களும் நெருங்கி வந்தன. தவில் உச்சத்துக்குப் போயிற்று. மூன்று முறை அவர் குனிந்து நிமிர்ந்தார். குலவைச் சத்தம் கேட்டது. பெயர் வைத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் நான்கு துரைகளும் சேர்ந்து கட்டிலைத் தூக்கி என்னை மீட்டார்கள். சட்டை ஆணியிலேயே தங்கிவிட்டது. குடும்பப் படத்தில் நான் பனியனோடு நிற்பதற்கு இதுதான் காரணம்.

மூடியிருந்த தட்டின் துண்டை மச்சான் எடுத்தார். ஒரு ஜோடி தங்கத் தோடு. மூன்று வருடத்துக்கு முன்பே வாங்கியது. வர்ஷினி காதில் கிடந்த கம்மலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நாயை மெல்ல ஒரு பக்கம் நகர்த்தி, பதினோரு வயதுப் பெண், இடம் போதாமல், மாமாவின் மடியில் போய் உட்கார்ந்தாள். அவர் தோட்டைப் போட்டுவிட்டார். திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. தோட்டைக் கிருமிநாசினியில் ஒரு முறை துடைத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. ஜெயக்கொடி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

பிரியாணி முடிந்து எல்லோரும் வேனில் ஏறிய பிறகுதான் ஜெயக்கொடிக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்தாள். "அண்ணே, என்ன பேருன்னு சொல்லவே இல்லையே. மேளத்துல ஒண்ணும் கேக்கல."

"எனக்கும் அவனுக்கும் தெரியும். போதாதா?"

"நாங்க எப்படிண்ணே கூப்பிடுறது?"

மச்சான் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். அன்று அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. "காது குத்துனத எனக்கு எப்பச் சொன்னீக? மூணு மாசம் கழிச்சு, போன்ல. நான் போன்ல சொல்ற ஆளு இல்ல மாப்ள. பேரு வேணும்னா ஊருக்கு வந்து கேளுங்க."

அடுத்த மாதமே போனோம். சோறு போட்டார், வாழைத்தார் கொடுத்தார். பெயரைக் கேட்டதற்கு, இன்றைக்குக் கிழமை சரியில்லை என்றார். அதற்கடுத்த முறை, பேரு மறந்துபோச்சு, தை மாசம் ஞாபகம் வரும் என்றார். இரண்டு வருடத்தில் பதினான்கு முறை போய்விட்டோம். கால்நடை மருத்துவமனை அட்டையில் பெயர் எழுத வேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மனைவி வழியில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னிடம் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "மாப்ள, பேரு கெடச்சுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இப்போதெல்லாம் நாயையும் கூட்டிக்கொண்டுதான் பேரையூர் போகிறோம். காரை விட்டு இறங்கும்போது மச்சான் தெருக்கோடியில், தன் வீட்டு வாசலில் நிற்பார். அவர் உதடு அசைவது மட்டும் தெரியும். வர்ஷினி காதைத் தீட்டிக்கொள்வாள், ஜெயக்கொடி என் கையைப் பிடித்து நிறுத்துவாள், நானும் மூச்சை அடக்கிக் கேட்பேன். ஒன்றும் கேட்காது. நாய்க்கு மட்டும் கேட்டுவிடும். என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.