நூறடி குறைந்த ரைபிள்

குண்டு எல்க் மானின் நெஞ்சுக்குக் கீழே போய்ப் பனியில் புதைந்தது. நடந்தது அவ்வளவுதான். மான் என்னைத் திரும்பிப் பார்த்தது. பரிதாபப்பட்டுப் பார்த்தது என்கிறாள் வெல்டா. வெல்டா என் மனைவி. அவள் சொல்வதை நான் நம்புவதில்லை. அது பெரும்பாலும் உண்மையாகப் போய்விடுகிறது, அது வேறு விஷயம்.

ரைபிளிலிருந்து சொல்ல வேண்டும்.

கல்யாணமான வருஷம் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். தொழிற்சாலை எண்கூட அடுத்தடுத்து. மேலே இருக்கும் தொலைநோக்கியும் ஜோடி. அவளுடைய மரக்கட்டை மட்டும் குட்டை. கை எட்டவில்லை என்று அறுத்துக்கொண்டாள். இரண்டுக்கும் தோட்டா கட்டுவது நான். கராஜில், என் மேசையில். மருந்து குந்துமணி அளவும் பிசகாது.

எல்லாம் ஒன்று. வேகம் மட்டும் இரண்டு. வேகமானியை வைத்துச் சுட்டால் அவள் குண்டு என் குண்டைவிட வினாடிக்கு நூறடி கூடப் போகும். ஒவ்வொரு முறையும். நான் கட்டிய தோட்டா, அவளுக்குத்தான் உழைத்தது.

“எப்படி?” என்று கேட்டேன்.

“ஒரே டப்பாவுல வாங்குன ரெண்டு பூட்ஸ்ல ஒண்ணு மட்டும் கடிக்கலையா? அப்படித்தான்.”

“இது பூட்ஸ் இல்ல, வெல்டா. இது அறிவியல்.”

“அப்ப அறிவியல் உன்னக் கடிக்குது.”

வருஷா வருஷம் எல்க்கை அவள்தான் வீழ்த்துகிறாள். எனக்குச் சில வருஷங்களாக ஒன்றும் இல்லை. போன கோடையில் டாக்டர் என் முட்டியைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இன்னொரு முறை மலையேறலாம். அதற்குப் பிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கலாம். அந்தக் கடைசி ஏற்றத்தில் எனக்கு ஒரு எல்க் வேண்டும். வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

பக்கத்துப் பண்ணை ஹார்லனிடம் ரைபிளைக் காட்டினேன். நாங்கள் சுட்டுப் பழகும் சரளைக் குழியில் வைத்து, குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தான்.

“கூர் போன வெட்டுளியில உன் குழலக் கொடஞ்சிருக்கான். உள்ள கரடுமுரடு. மயிரிழ அகலம் வேற. புகை பக்கத்துல ஒழுகிப் போயிடும். எப்படி முட்டித் தள்ளும்?”

“புதுசுலயே அப்படியா?”

“புதுசுல பாதி. மீதி நீ பண்ணது. தொண்ட தேஞ்சு கெடக்கு. குண்டு கெளம்புற எடத்துக்கும் குழலுக்குள்ள வெட்டுன வரி தொடங்குற எடத்துக்கும் நடுவுல ஒரு லாரி விடலாம். இவ்வளவு எதுல சுட்ட?”

“வேகம் ஏன் கொறையுதுன்னு சோதிச்சுப் பாத்தேன்.”

“எவ்வளவு நாளா?”

“ஒவ்வொரு சனிக்கெழமையும்.”

ஹார்லன் தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில்தான் கழற்றுவான்.

“வெல்டா எப்ப சுடுவா?”

“எல்க்க பாத்தா.”

“அதான்.”

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். பெரிய முடிவு. தேவாலயத்தில் பெண்கள் கூடி உருளைக்கிழங்கு ரொட்டி சுடும் நாள் வந்தது. வெல்டா மாவுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் கராஜுக்குள் புகுந்தேன். ரைபிள் கட்டைக்கு இரண்டு திருகு. கழற்றினேன். அவள் குழலை என் கட்டையிலும், என் குழலை அவள் கட்டையிலும் பொருத்தினேன். இரும்புக்கு இரும்பு அடையாளமா தெரியும்?

மறுநாள் சரளைக் குழியில் சுட்டேன். நூறடி வந்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து வந்தது. எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு தூக்கிச் சுடுவது என்று புது வேகத்துக்குக் கணக்குப் போட்டு, ஒரு ஒட்டுத்துண்டில் எழுதிக் கட்டையில் ஒட்டினேன். இரவுச் சாப்பாட்டில் சிரித்தேனாம்.

“பல்லு வலிக்குதா?” என்றாள் வெல்டா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கால்பந்து பார்த்தபடி தூங்கினேன். அவள் கராஜில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வேட்டை சீசன் தொடங்கியது. ஜூடித் மலையடியில் வானம் அழுக்குத் துணிபோலத் தொங்கியது. ஏறினோம். முட்டி ஒவ்வொரு அடிக்கும் பேசியது. மேட்டில் படுத்தபோது எதிர்ச்சரிவில் ஒரு ஆண் எல்க். கொம்பைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. நானூறு கஜம். காற்று இல்லை.

“உன்னோடது. சுடு,” என்றாள் வெல்டா.

ஒட்டுத்துண்டைப் பார்த்தேன். அதன்படி தொலைநோக்கியின் திருகை வைத்தேன். தோட்டா ஏற்றும் தாழை இழுத்துத் தள்ளினேன். கரகரத்தது. நான் கவனிக்கவில்லை, முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம். இதயத்துக்கு நேராக, தாழ்வாகக் குறிவைத்தேன். மூச்சு விட்டேன். சுட்டேன்.

நெஞ்சுக்கு அரைச் சாண் கீழே பனி தெறித்தது.

எல்க் பார்த்தது. நாலு எட்டுத் தாவி நின்று, மறுபடி பார்த்தது. நான் அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்குள் என் காதருகே வெல்டாவின் ரைபிள் வெடித்தது. எல்க் மடங்கி விழுந்தது.

வெல்டா வெற்றுத் தோட்டாவைப் பொறுக்கி என் சட்டைப்பைக்குள் போட்டாள். “இந்தா. அடுத்த வருஷம் கட்டு.”

கறியைச் சறுக்குவண்டியில் வைத்து இருட்டுவதற்குள் இறக்கினோம். இழுத்தது நான். முட்டி பேசுவதை நிறுத்தி அழ ஆரம்பித்திருந்தது.

சமையலறையில் காபியை என் முன்னால் வைத்தாள்.

“என் ரைபிள எதுக்குக் கழட்டுன, கெழவா?”

“எந்த ரைபிள்?”

“என்னோட தாழு வெண்ணெய்ல கத்தி எறங்குற மாதிரி எறங்கும். போன வாரம் தொடைக்க எடுத்தேன், மணல் அரைக்குற மாதிரி அரைச்சுது. உன் குழல் என் மடியில உக்காந்திருந்தா எனக்குத் தெரியாதா?”

“அதனால?”

“என்னோடத நான் எடுத்துகிட்டேன். உன்னோடத உனக்குக் குடுத்தேன். திருட்டா அது?”

“ஒட்டுத்துண்டு இருந்துச்சே! வேகமான குழலுக்குப் போட்ட கணக்கு அது! பாக்கலையா நீ?”

“பாத்தேன். உன் கையெழுத்து. உன் கணக்குல நான் என்னைக்குக் கை வச்சிருக்கேன்?”

“தப்புன்னு தெரியுமில்ல? வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“நீயும் கழட்டுறதுக்கு முன்னாடி வாயத் திறந்திருக்கலாமே. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். மானயும் சேத்து.”

காபி ஆறிப்போயிருந்தது. அவள் எழுந்து போய் என் ரைபிளைக் கொண்டுவந்தாள். என் ஒட்டுத்துண்டை நகத்தால் கிள்ளி உரித்தாள். சட்டைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்து அதே இடத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். என் மந்தமான குழலுக்கு, என் தேய்ந்த தொண்டைக்கு ஏற்ற கணக்கு. நான் தூங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் என் ரைபிளோடு சரளைக் குழிக்குப் போயிருக்கிறாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

கறி நன்றாக இருக்கிறது. குளிர்காலம் முழுக்க வரும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு தின்கிறேன். ரைபிள் சுவரில் தொங்குகிறது. ஒட்டுத்துண்டில் ஒரு எண்கூடப் பிசகில்லை. ஹார்லன் வேகமானி வைத்துச் சரிபார்த்துவிட்டு, யார் போட்ட கணக்கு என்று கேட்டான்.

வெல்டா.