டேப் தின்ற ‘ங்க’

“ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியும் வெளிய போகணும். இல்லைன்னா நான் வெளிய போயிருவேன்.”

என் வீட்டுக்காரர் இசக்கிதுரை தலையைக்கூடத் திருப்பவில்லை. “போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ. பாட்டுச் சத்தம் வெளிய போகுது.”

எரியுமா எரியாதா?

மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு. அதற்குள் கட்டில், பீரோ, அடுப்பு மேடை, நாங்கள் இரண்டு பேர். மிச்சம் ஒரே ஒரு மூலை. அந்த மூலையில் என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். தூசி தட்டப் போனால் “மெதுவா, மெதுவா” என்று பதறுவார். பிரசவ வலியோடு என்னை டாக்சியில் ஏற்றியபோதுகூட அந்த மனுசன் அப்படிப் பதறியதில்லை.

செம்பூரில் கட்டிக்கொடுத்த என் மகள் கலைச்செல்வி புது வாஷிங் மெஷின் வாங்கிவிட்டாள். பழையதை எனக்குத் தருகிறேன் என்றாள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இடம் ஒதுக்கிச் சொல்லும்மா. இல்லைன்னா எங்க நாத்தனார் தூக்கிட்டுப் போயிருவாங்க.”

இனிமேல் துணி பிழியக் கூடாது என்று டாக்டர் என் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. யார் பிழிவது? டாக்டர் வந்து பிழிவாரா? குர்லா லேத் பட்டறையில் இவரோடு எட்டு மணி நேரம் நின்ற சட்டையைப் பிழிந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். சட்டை பிழிவதா, எருமைத் தோலை முறுக்குவதா என்றே சந்தேகம் வரும்.

“அந்தப் பெட்டியில அப்படி என்னதான் இருக்கு?”

“உசுரு.”

“யாரு உசுரு?”

“மோகினி உசுரு.”

“இங்க பொண்டாட்டி உசுரு துணி பிழிஞ்சே போகுது.”

“அது தினமும் போறதுதானேட்டீ.”

‘மின்கம்பத்து மோகினி’ என்று ஒரு படம். எங்களுக்குக் கல்யாணமான வருஷம் வந்தது. கிதாரோடு செத்துப்போன ஒருத்தி கரண்ட் கம்பத்தில் பேயாக உட்கார்ந்து படம் முழுக்கப் பாடுகிறாள். வசனமே கிடையாது. எல்லாம் பாட்டு. எல்லாப் பாட்டும் இடி. நாலாவது நாளே தியேட்டரை விட்டுத் தூக்கிவிட்டார்கள். நாலு நாளும் இவர் போயிருக்கிறார். தியேட்டரை விட்டுப் போன பேய் நேராக என் வீட்டுக்கு வந்து குடியேறியது.

அந்தப் பாட்டுக் கேசட் கொஞ்சம்தான் வெளியே வந்ததாம். இவர் கூட்டாளி நாகூர் கனியிடம் ஒன்று இருந்தது. அதை வாங்கிவந்து, இரண்டு டேப் ரிக்கார்டரை எதிரெதிரே வைத்து, ஒன்றைப் பாடவிட்டு இன்னொன்றில் பிடித்தார். சந்து அமைதியாக இருக்கும் என்று விடியற்காலை ஐந்து மணிக்கு. பிறகு குர்லாவில் வெள்ளம் வந்த வருஷம் கனி அண்ணன் கேசட் தண்ணீரோடு போனது. மிஞ்சியது இவர் பிடித்ததுதான். அதிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து பிரதி என்று ஊரெல்லாம் போயிற்று. இப்போது யாரோ அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிட, மீசை முளைக்காத பிள்ளைகளெல்லாம் கேட்டு அழுகிறதாம். நான் அன்றிலிருந்தே அழுகிறேன். எனக்கு ஒரு ரசிகரும் இல்லை.

ஒரே ஒரு ஆறுதல். மூன்றாவது பாட்டு வந்தால் மட்டும் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார். அதுவும் நான் வீட்டில் இருக்கும்போது மட்டும். நம் மேல் அவ்வளவாவது மரியாதை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மனுசன் குளித்து, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். பெட்டியை எடுத்துப்போக ஆள் சொல்லியிருக்கிறார் போல என்று என் புத்தி கெட்ட மனசு குளிர்ந்தது.

“ஏழு டீ போடு. ரசிகருங்க வாராங்க. ஒரிஜினல் கேசட்டைக் கேக்கணுமாம்.”

“அப்ப பெட்டி?”

“அதுலதானேட்டீ கேக்கணும்! சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க.”

சாயங்காலம் வரைக்கும்! திட்டம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. டீயில் சீனிக்குப் பதில் எதைப் போடலாம் என்று அலமாரியைப் பார்த்தேன். இருந்தாலும் வந்த பிள்ளைகள் என்ன பாவம் செய்தது.

ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பெண்கள். தலைவன் ஷாகிர் என்ற குர்லாப் பையன். எல்லோருக்கும் கறுப்பு பனியன். நெஞ்சில் இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ பெரிதாக அச்சடித்திருந்தது.

“என்ன தம்பி எழுதியிருக்கு?”

“எந்திரி, ஆன்ட்டி.”

“எதுக்கு எந்திரிக்கணும்?”

“அடக்குமுறைக்கு எதிரா, ஆன்ட்டி.” என் கட்டிலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

பாட்டு ஓடியது. முதல் பாட்டில் பாத்திரம் அதிர்ந்தது. இரண்டாவதில் பல்லி விழுந்தது.

“அங்கிள், அடுத்தது மூணாவது பாட்டு! ஃபுல் சவுண்ட்!” என்றான் ஷாகிர்.

இவர் முகம் சுண்டிப்போனது. “முத்து, கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வாயேன்.”

“பால் இருக்கு.”

“சீனி?”

“இருக்கு.”

“கொத்தமல்லி?”

“டீக்கா?”

அதற்குள் ஷாகிரே போய்க் குமிழைத் திருகிவிட்டான். கிதார் கதறியது. டிரம் இடித்தது. சட்டென்று எல்லாம் நின்றது. அந்த அமைதியில் ஒரு பொம்பளைக் குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

“தண்ணீ வந்துட்டூ… எந்திரீ!”

உடனே திரும்பவும் டிரம். ஆறு பிள்ளைகளும் கையைத் தூக்கி “எந்திரி!” என்று கத்தினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“தனி வந்துட்டு! தனிமை வந்துட்டு, எந்திரி! க்யா பாத் ஹை அங்கிள்! இதைப் பாடினது யாரு? கேசட்டுல பேரே இல்லையே.”

இவர் இருமினார். “அது… லில்லின்னு ஒரு பொண்ணு. கல்கத்தாக்காரி. இந்த ஒரே பாட்டுதான் பாடுச்சு. செத்துப்போச்சு, பாவம்.”

“ஐயோ! எப்படி?”

“தண்ணியில விழுந்து.”

அது லில்லியா? முத்துமாரி! நான்! கல்யாணமாகி வந்த புதிதில், பைப்பில் தண்ணீர் வந்ததும் வாசலில் நின்று கத்திய குரல், இவர் விடியற்காலையில் பிடித்த டேப்பில் போய் விழுந்திருக்கிறது. “தண்ணி வந்துட்டு, எந்திரிங்க” என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ‘ங்க’வை டேப் தின்றுவிட்டது. கட்டிக்கொண்டு வந்த மாதமே புருஷனை மரியாதையில்லாமல் விரட்டியவளாக ஊர் உலகமெல்லாம் கேட்டிருக்கிறது. அந்தக் கெட்ட பேராவது என் பேரில் இருக்கிறதா? அதுவும் லில்லி பேரில். போதாததற்கு என்னைத் தண்ணீரில் வேறு தள்ளிவிட்டார்.

நான் சண்டை போடவில்லை. டீ கிளாஸ் தட்டை மேடையில் வைத்தேன். அந்த நேரத்தில் பைப்பில் காற்றுகூட வராது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தேன்.

“தண்ணி வந்துட்டூ! எந்திரிங்க!”

நான் சொல்லும் எதற்கும் அசையாத மனுசன் இந்த ஒரு குரலுக்கு மட்டும் அசைவார். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். துள்ளி எழுந்து, இரண்டு கையிலும் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். பாதிச் சந்தில்தான் ஞாபகம் வந்து நின்றார்.

ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள்.

“லில்லி ஆன்ட்டி?” என்றான் ஷாகிர்.

“லில்லியைத்தான் உங்க அங்கிள் கொன்னுட்டாரே. நான் முத்துமாரி. அது தனியும் இல்ல, தனிமையும் இல்ல தம்பி. தண்ணி. பைப்புத் தண்ணி.”

“ஆன்ட்டி, இது இன்னும் ஆழமா இருக்கு!”

“ஆழமெல்லாம் இல்லப்பா. அரைக் குடம் வந்தாலே அதிசயம்.”

பிள்ளைகள் காலில் விழுந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கேட்பார்கள் என்றுதான் காத்திருந்தேன்.

“சட்டையில எழுதியிருக்கில்ல? எந்திரிங்க. பெட்டிக்கு மூணு பேரு. தூக்குங்க. கேம்ப் சங்கத்து ஹால்ல வச்சு ஊரே கேக்கட்டும்.”

வெறுங்குடத்தோடு வாசலுக்குத் திரும்பிய மனுசன், தூக்கிப்போன பெட்டிகளுக்குப் பின்னாலேயே நடக்க வேண்டியதாயிற்று. “மெதுவா, மெதுவா” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. சாயங்காலமே டெம்போவில் மெஷின் வந்து இறங்கிற்று.

போகும்போது ஷாகிர் என் குரலைத் திரும்பவும் போனில் பிடித்தான். “இந்தத் தடவை ‘ங்க’வோட பிடி” என்று மூன்று முறை கத்திக் காட்டினேன். ஒரே வாரத்தில் எங்கள் சந்தில் பாதிப் போனில் அதுதான் அலாரம். தோற்ற புருஷன் என்று ஊர் சிரிக்குமே என்றாவது இவருக்கு வெட்கம் வேண்டாமா? இவரும் வைத்துக்கொண்டார். எனக்கு உள்ளூரப் பெருமை.

நேற்று விடியற்காலையில் தண்ணீர் வந்தது. மெஷின் நிறையத் துணியைத் திணித்து வைத்திருந்தேன். வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்: “தண்ணி வந்துட்டூ! எந்திரிங்க!”

சந்தில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

உள்ளே இவர் கண்ணைத் திறக்காமல் தலையணைக்கடியில் கையைவிட்டுப் போனை ஒரு அமுக்கு அமுக்கினார். “இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சு அடி” என்று அதனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.