சோப்புத்தூள் சம்பந்தம் முறிந்த விவரம்

அன்புள்ள மச்சான் ஹசன் அலி அவர்களுக்கு,

ஏரலிலிருந்து காஜா முகைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் உங்கள் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. இங்கே யாவரும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் சொன்னால் உங்கள் தங்கை ஹமீது பீவி பாதியில் பிடுங்கித் தன் கட்சியைப் பேசுவாள் என்பதால், கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

என் மகள் தஸ்மியா எம்.எஸ்ஸி. கடைசி வருஷத்துக்கு ஆற்றுத் தண்ணீரில் சோப்புத்தூள் சரக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கிறாள் அல்லவா. தண்ணீரில் ஒரு நீலச் சாயத்தையும் குளோரோஃபார்மையும் விட்டுக் குலுக்க வேண்டுமாம். சாயம் தனியாகக் குளோரோஃபார்முக்குள் இறங்காதாம், சோப்புத்தூள் சரக்கு துணைக்கு இருந்தால் கூடவே இறங்கிவிடுமாம். அடியில் தங்கும் குளோரோஃபார்ம் எவ்வளவு நீலமோ அவ்வளவு சரக்கு. இதற்காகத் தாமிரபரணியில் பல இடத்தில் தண்ணீர் பிடிக்கக் கண்ணாடிக் குப்பிகளை வெறும் வெந்நீரிலும் ஆசிட்டிலும் அலசி வைத்திருந்தாள். உங்கள் தங்கை அவற்றைப் பார்த்து, "பொம்பளப்பிள்ள வீட்டுல இப்பிடியா குப்பி கெடக்கும், சம்பந்தி வீட்டுல பார்த்தா என்ன நெனைப்பாங்க" என்று, தஸ்மியாவுக்குப் பேசி வைத்த அந்தச் சம்பந்தி வீட்டிலிருந்து வந்த சோப்புத்தூளையே போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கிவிட்டாள். கல்லூரியில் ஆற்றுத் தண்ணீர் நீலம், குழாய்த் தண்ணீர் நீலம், கடையில் வாங்கிய கேன் தண்ணீரும் நீலம். பேராசிரியை சித்ரலேகா, "இதன்படி ஊரே நுரைதான் குடிக்குது, போய்த் திரும்ப எடுத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை நானும் கூடப் போனேன். படித்துறையில் ஒருவர் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். "ஆறு உம்ம வீட்டுத் தொட்டியா வே?" என்றார். கண்ணில் நுரையோடு அவர் முறைத்துக்கொண்டு நிற்க, நாங்கள் மேற்கே தள்ளிப் போய்த் தண்ணீர் பிடித்தோம்.

இந்த முறை எல்லாம் வெளிறி வந்தது. ஓர் ஓடை ஆற்றில் கலக்கிற இடத்துக் குப்பி மட்டும் மை மாதிரி. அந்த ஓடைக்கரையில் இருப்பது ஒரே ஆலை, நீங்கள் பேசி வைத்த சம்பந்தியின் சோப்புத்தூள் ஆலை. போன ஞாயிறு அவர்கள் நாள் குறிக்க வருவதற்கு முன்பே நான் மகளிடம் கெஞ்சினேன்: "கேட்டா, உம்மா கழுவினதுல கெட்டுப்போச்சுன்னு சொல்லிரு தாயி." அவள், "இந்தத் தடவ உம்மா தொடவே இல்ல வாப்பா" என்றாள். மாப்பிள்ளையின் உம்மா பாசமாகத்தான், "என்னம்மா படிக்கே?" என்று கேட்டார்கள். இவள் சாயம், குளோரோஃபார்ம், ஓடை எல்லாவற்றையும் பாடம் நடத்துவதுபோல் சொல்லி முடித்தாள். சம்பந்தி, "எங்க தண்ணி தொட்டியில தெளிஞ்சுதான் வெளிய போவுது" என்று எழுந்தார். இனிப்புக்கு என்று செய்த வட்டலப்பம் வைத்தபடி இருந்தது. மாப்பிள்ளை உசாமா மட்டும் வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அதன்பின் தகவல் இல்லை. உங்கள் தங்கை அழுகிறாள். மகள் அழவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே இந்தச் சம்பந்தம் முறிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கென்று லீவு போட வேண்டாம். வேறு இடம் பாருங்கள், பாத்திரக்கடை, ஜவுளிக்கடை எதுவானாலும் சரி, நுரைக்காத வியாபாரமாக இருக்கட்டும். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காஜா முகைதீன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட கையோடு வாசலில் பைக் சத்தம், உசாமா. உட்காரக்கூட இல்லை. "மாமா, நானே எறங்கிப் பார்த்தேன். தொட்டி தூர்ந்துபோய்க் கெடக்கு. தண்ணி நேரா ஓடைக்குத்தான் போவுது. அவுங்க அளந்தது சரிதான். வாப்பாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். உள்ளேயிருந்து தஸ்மியா, "மொதல்ல தொட்டியக் கட்டச் சொல்லுங்க வாப்பா. நான் வந்து தண்ணி எடுத்துப் பாக்கேன். நீலம் கொறஞ்சா நாள் குறிக்கலாம்" என்றாள். அவர் சரி என்று சொல்லிவிட்டு, ஏரலில் நல்ல கொத்தனார் யார் என்று என்னிடம் விசாரித்தார். எனவே மேலே எழுதியதைப் படிக்காதது போலவே இருங்கள். லீவு எப்போது போடுவது என்பதைக் கொத்தனாரைக் கேட்டுச் சொல்கிறேன்.