நிரையில் ஓர் ஆள் குறைவு

மூன்றாம் தடவை எண்ணியபோதும் பதினொன்றுதான் வந்தது. நாகலிங்கம் கங்காணிக்கு வியர்த்துவிட்டது. 'தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள், பன்னிரண்டு சிலைகள்' என்று பலகையில் தெளிவாக எழுதியிருந்தது.

நிவித்திகலை ஊருக்கு மேலே, காட்டுக்குள் அமைந்த அந்தச் சிலைக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. டிக்கெட் கவுண்டரில் சேர்ந்து ஒரு மாதமே ஆன மகள் ஷாமிளாதான், ஆள் இல்லாத நாளில் ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று பெற்றோரை உள்ளே விட்டிருந்தாள். சிலை காணாமல் போனால் அவள் வேலையும் போகும்.

எண்ணத் தெரியாமல் எண்ணுகிறீர்கள் என்றாள் மனைவி புஷ்பம்.

"முப்பது வருஷம் தேயிலை மலையில ஆள் எண்ணுனவன்டி நான்."

மரங்களுக்குப் பின்னால் தேடிவிட்டு வந்தார். இப்போது பத்து.

பழக்கதோஷத்தில் அதட்டிவிட்டார். "யாருடி நெரைய விட்டுப் போனது? வந்து நில்லுங்க."

சில்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது. எண்ணினார். பன்னிரண்டு. அப்பாடா என்று மூச்சு விடப் போனவர் பாதியில் நிறுத்தினார். அதுவரை சரிவைப் பார்த்து நின்ற சீமெந்து முகங்கள் பன்னிரண்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னய என்னா பார்வை? வேலையப் பாருங்க," என்றார்.

படக், படக் என்று இலை ஒடியும் சத்தம். இருபத்து நான்கு சாம்பல் நிறக் கைகள் காட்டுச் செடிகளை மொட்டையடித்தபடி அவரை நோக்கி வந்தன.

புஷ்பம் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். அவளும் கொழுந்து எடுத்தவள்தான்.

"பொழுது சாயுதுங்க. இன்னும் நிப்பாட்டி வச்சா அவங்களுக்குக் கால் கடுக்காதா? எறங்கச் சொல்லுங்க."

"போதும்," என்றார் கங்காணி. "எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

பன்னிரண்டு பேரும் கூடையைச் சரிசெய்துகொண்டு, வரிசையாக மரங்களுக்குள் இறங்கி மறைந்தார்கள். ஒரு சருகும் நொறுங்கவில்லை.

பீடங்கள் மட்டும் மிஞ்சின.

ஷாமிளா மேல் குற்றமில்லை, எல்லாம் என் வாயால் வந்த வினை என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்தபடி கேட்டுக்கு வந்தார் கங்காணி. அங்கே காத்திருந்த மகளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. காவலுக்கு நின்ற சிங்கள வாச்சரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார்.

வாச்சர் போய் வெறும் பீடங்களைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"நல்லா இருப்பீங்க கங்காணி, மூணு மாசமா ராத்திரியெல்லாம் இதே கூத்துதான், நானும் சிங்களத்துல சொல்லிப் பாத்தேன், ஒருத்தியும் வீட்டுக்குப் போகல, காலையில அவங்க வேலைக்கு வந்ததும் பேர் கூப்பிடவும் நீங்களே வந்துருங்க."