சபதமும் ஆணி ரயரும்

விழுந்தவுடன் வின்சன்ற் முழங்காலைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். பஸ் தரிப்பில் நின்ற இரண்டு பேரும் சீனர்கள். சேலைக்கடை இன்னும் திறக்கவில்லை. தமிழ்க் கண் ஒன்றும் படவில்லை என்று நிச்சயமான பிறகுதான் அவருக்கு வலிக்கவே தொடங்கியது.

டிசம்பரின் முதற்பனி. வின்சன்றுக்கு வயது ஐம்பத்து நாலு, எடை தொண்ணூற்றெட்டுக் கிலோ. அந்த எடையைத் தாங்கியது விரல் தடிப்பில் ரயர் போட்ட ஒரு ரேஸ் சைக்கிள். ஆட்டுக்கடாவின் கொம்புபோல வளைந்த அதன் கைபிடி படத்தில் எடுப்பாக விழும் என்று ஜூன் மாதத்தில் வாங்கினார். ஜூனில் யாருக்கு டிசம்பரின் நினைவு வரும்?

அந்த ஜூனில் யாருக்கும் எந்த நினைவும் ஒழுங்காக வரவில்லை. மே மாதம் இலங்கையில் போர் முடிந்திருந்தது. லட்சக்கணக்கான சனம் வவுனியாவில் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தது. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். வின்சன்ற் இருபத்தொன்பதாவது பேச்சாளர். சொல்லக்கூடியதையெல்லாம் முதல் இருபத்தெட்டுப் பேரும் சொல்லித் தீர்த்துவிட்டதால் அவருக்குச் சபதம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. முகாமிலிருந்து கடைசித் தமிழன் வெளியே வரும்வரை தான் காரில் ஏறப்போவதில்லை, இனிச் சைக்கிள்தான் என்று அறிவித்தார். மண்டபமே எழுந்து நின்றது. பின்வாசலால் அப்போதுதான் ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்திறங்கியிருந்தன.

'கடைசி' என்ற சொல்லை அவர் ஓசைக்காகச் சேர்த்திருந்தார். முகாம் சனத்தை வெளியே போய்வர விடுகிறார்கள் என்று இந்த மாதத் தொடக்கத்தில் செய்தி வந்தபோது உண்மையாகவே கண்கலங்கினார். கண்ணைத் துடைத்து முடிந்ததும் அந்த ஒரு சொல் நெஞ்சில் இடித்தது. போய்வர விடுவது வேறு, கடைசி ஆள் வெளியே வருவது வேறு. அந்தச் சொல் இல்லாவிட்டால் அன்றைக்கே தன் கொறொலாக் காரில் ஏறியிருக்கலாம்.

ஏறினால் மானம் போய்விடும். ஏறாவிட்டால் உயிர் போய்விடும்போல் இருந்தது. அந்த மானமோ இலேசுப்பட்டதல்ல. ஆறு மாதமாக ஹெல்மெற்றோடு அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பேச்சு தணிந்தது. சைக்கிளை வாங்கிச் சாத்திவைக்க ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒரு பிறந்தநாள் விழாவில் அவரைக் கண்டதும் விஸ்கிப் போத்தல் மேசைக்குக் கீழே இறங்கி, அவர் கையில் ஒறேஞ்ச் யூஸ் ஏறியது. தியாகிக்கு முன்னால் குடிக்கக் கூசுகிறார்கள் என்று அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. ஒரு பெக் கிடைத்திருந்தால் உடம்பும் குளிர்ந்திருக்கும்.

"கார் சும்மா நிக்குது. ஏறுங்கோவன். ஆர் பாக்கினம்?" என்றார் மனைவி ஜோசப்பின், முழங்காலுக்கு மருந்து பூசியபடி.

"ஸ்காபரோ பாக்குது."

"ஸ்காபரோ இன்னும் நித்திரையால எழும்பேல்லை."

வின்சன்ற் கராஜுக்குப் போய்ப் பெருவிரலால் ரயரை அமத்தினார். கொஞ்சம் இளகியது. ஊரில் சைக்கிளுக்கு என்ன நோய் வந்தாலும் இதுதான் வைத்தியம்: கல்லுப்போல ஆகும்வரை காற்றடிப்பது. அடித்தார். அடுத்த நாள் காலை அந்தக் கல்லு ரயர் பனியில் சவர்க்காரக் கட்டியாக வழுக்கியது. ஒரு மைலுக்குள் மூன்று தரம் விழுந்தார். மூன்றாவது தரம் விழுந்த இடத்தில் குப்பை லொறி ஒன்று ஓரடி தள்ளி நின்றது. சாரதி இறங்கி வந்து ஆங்கிலத்தில் வின்சன்றின் தாயை நினைவுகூர்ந்தான்.

அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை. கண்ணை மூடினால் லொறியின் அடிப்பாகம் தெரிந்தது.

வோபர்ன் பகுதியில் ரம்ஸீன் என்ற மூதூர்க்காரர் வீட்டுக் கராஜில் சைக்கிள் திருத்துகிறவர். விடிந்ததும் வின்சன்ற் சைக்கிளை அங்கே கொண்டுபோனார். ரம்ஸீன் ரயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வின்சன்றின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணன், இவ்வளவு காத்தோட பனியில ஓடினீங்களா? காத்தைக் குறைச்சாத்தான் ரயர் றோட்டைப் பிடிக்கும். இருபத்தெட்டு மில்லிமீற்றர், கொஞ்சம் வெட்டு உள்ள ரயர் போட்டுத் தாறன். பைய ஓடினா பத்திரமா வீட்ட போகலாம்."

பைய என்ற சொல் வின்சன்றுக்குப் பிடிக்கவில்லை. பைய ஓடுகிறவன் சபதம் எடுப்பானா? சுவரில் ஒரு தடித்த ரயர் தொங்கியது. சுற்றிவர உருக்கு ஆணிகள், முதலையின் வாய்போல.

"உது?"

"ஆணி ரயர். அகலமான சைக்கிளுக்குப் போடுறது. உங்கட பிரேமுக்குள்ள போகாது."

"நீர் போடும்," என்றார் வின்சன்ற்.

ரம்ஸீன் மட்காட்டைக் கழற்றினார். பிறேக் கட்டைகளை அகட்டினார். ஒருவழியாக ரயர் நுழைந்தது. அதற்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கடதாசி போகும் இடம் இருந்தது. அதற்குள் பனி அடைந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். வின்சன்ற் சொன்ன பதிலில் வரலாறு என்ற சொல் இரண்டு தரம் வந்தது.

மறுநாள் தெருவில் பனியே இல்லை. நகரசபை உப்புப் போட்டுக் கரைத்திருந்தது. வெறும் தாரில் ஆணிகள் இறங்க, தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுவதுபோலச் சத்தம் எழுந்தது. நாய்கள் குரைத்தன. யன்னல் திரைச்சீலைகள் விலகின. இதுவரை சாட்சியில்லாமல் பயந்துகொண்டிருந்த மனிதருக்கு இனித் தெருவே பார்க்கப் பயப்பட வேண்டியதாயிற்று. பிறேக்கை இரண்டு கையாலும் பிடித்தால் சைக்கிள் சற்று யோசித்துவிட்டுத் தொடர்ந்து ஓடியது.

வேலைக்குப் போகும் வழியில் எல்ஸ்மியர் றோட் இறக்கம். மேலே நின்று பார்த்தால் கீழே பள்ளம், எதிரே மேடு. அங்கே வந்தபோது மறுபடி பனி கொட்டத் தொடங்கியிருந்தது. திரும்பிவிடலாம் என்று காலை ஊன்றினார். பின்னால் பஸ் ஒன்று பெருமூச்சு விட்டது. அதற்குள் எத்தனை தமிழர்களோ. காலை எடுத்தார்.

பிறகு எல்லாம் சைக்கிளின் விருப்பம். காது விறைத்தது. வின்சன்ற் மரியன்னையை அழைத்தார். செபம் 'மரண வேளை' என்ற இடத்துக்கு வரும்போது ரயருக்கும் இரும்புக்கும் நடுவே சேறும் பனியும் அடைந்து இறுகி, முன்சில்லு அப்படியே நின்றுவிட்டது. வின்சன்ற் நிற்கவில்லை.

அவர் நின்ற இடம் ஓரத்துப் பனிக்குவியல். கை கால் அசைந்தன. ஹெல்மெற் வெடித்திருந்தது. நெற்றியால் ஏதோ சூடாக வழிந்தது. தான் உயிரோடு இருப்பதை அவர் நம்பி முடிப்பதற்குள் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது.

இறங்கியவர் யோகமலர். கொத்துரொட்டிக் கடைக்காரி. சபதக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர். அவருக்குத் தெரிந்தது பின்னேரத்துக்குள் பக்கத்து நகரமான மார்க்கம் வரை தெரியும். வின்சன்றுக்கு லொறியைக் கண்ட பயம் இப்போதுதான் சின்னதாகப் பட்டது.

யோகமலர் தன் சால்வையால் அவருடைய நெற்றியைக் கட்டினார், சைக்கிளைத் தூக்கி வானுக்குப் பின்னால் எறிந்தார், முன்கதவைத் திறந்து பிடித்தார். உள்ளேயிருந்து ஹீற்றரின் சூடு வந்து வின்சன்றின் முகத்தில் பட்டது. பல்லெல்லாம் அடித்தது. கால் தானாக ஓரடி முன்னால் போயிற்று. அதை இழுத்து நிறுத்தினார்.

"என்னால ஏறேலாது, தங்கச்சி," என்றார். "உங்களுக்குத் தெரியும்தானே."

"எனக்கு மட்டுமே? எல்லாருக்கும் தெரியும் அண்ணை," என்று யோகமலர் அவர் தோளைத் தட்டினார். "வெக்கப்படாம ஏறுங்கோ. குடிச்சிட்டு ஓடிப் பொலிசிட்ட லைசென்ஸைப் பறிகுடுத்தது நீங்கள் ஒராளே? எங்கட மனுசனுக்கும் ஒரு வருசத்தில திருப்பிக் குடுத்தவங்கள்."