மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை

"எங்க வீட்டு விருந்துல 'போதும்'னு மட்டும் சொல்லிறாதீங்க," என்று சுமையா முந்தின நாளே புருஷன் அசாருதீனிடம் சொல்லியிருந்தாள்.

"சொன்னா?"

"எங்கம்மா காதுல அது விழாது. புது மாப்பிள்ளை வெக்கப்படுறாகன்னு இன்னும் ரெண்டு கரண்டி வப்பாக."

"பின்ன என்னதான் சொல்றது?"

"வயிறு சரியில்லைன்னு சொல்லுங்க. அதுக்கு மட்டுந்தான் விடுவாக."

பிரியாணி மூன்றாவது முறையாகத் தட்டில் சரிந்தபோது அசாருதீனுக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. கல்யாணமானதிலிருந்து சொந்தக்காரர்கள் முறை வைத்து விருந்து போட்டதில், அவனுடைய சட்டைப் பொத்தான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. காரியாபட்டியில் சின்னம்மா வீடு, பாலவனத்தத்தில் பெரியத்தா வீடு, இப்போது திருச்சுழியில் மாமியார் வீடு. சனிக்கிழமை ஷார்ஜாவுக்கு விமானம். ஒரு நாள் தாமதித்தாலும் அங்கே அவன் வேலை பார்க்கும் டயர் கடையின் முதலாளி வேறு ஆள் வைத்துவிடுவார்.

"மாமி... வயிறு கொஞ்சம் சரியில்ல."

மாமியார் சபுரா பீவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்பாடா என்று அவன் சாய்ந்துகூட உட்காரவில்லை, ஒரு சொம்பு கசாயம் வந்துவிட்டது. சுக்கும் மிளகும் போட்டி போட்டுக்கொண்டு எரித்தன. பிரியாணியே தேவலை என்று முகத்தைச் சுளித்தான். மாமி அதை வலி என்று எடுத்துக்கொண்டார்.

"எங்க வலிக்குது மாப்ள? நெஞ்சுக்குழியிலயா?"

"ஆமா மாமி."

"சாப்பிட்டதும் நெருப்புக் கங்க வச்ச மாதிரி எரியுதா?"

"ஆமா."

"சோறு முழுங்குறப்ப பாதியில நின்னு நின்னு எறங்குதா?"

இரண்டு தட்டு பிரியாணி தடங்கலே இல்லாமல் இறங்கிய தொண்டை அது. மாமி சந்தேகப்பட்டுச் சோதிக்கிறார் என்று அவனுக்குப் பட்டது. ஒன்றுக்கு இல்லை என்றாலும் மொத்தப் பொய்யும் அவிழ்ந்துவிடும்.

"நின்னு நின்னுதான் மாமி எறங்குது."

மாமி மகளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுக் குரலைத் தணித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீக. வெளிக்குப் போறது... தார் மாதிரி கருப்பாவா போகுது?"

அசாருதீனுக்குக் காது நுனி வரை சூடேறியது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று தலையாட்டினான்.

"யா அல்லா!" மாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சுமையா! கார வரச்சொல்லு, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போறோம். மாப்ள டிக்கெட்டையும் தள்ளிப் போடச் சொல்லு."

"ஐயோ மாமி! டிக்கெட்டு இருக்கட்டும். இப்பத்தான் சரியாப் போச்சே!"

"விட்டு விட்டு வருதாக்கும்? அப்படித்தான் ஏமாத்தும்," என்றார் மாமி.

முன்சீட்டில் மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு வர, பின்சீட்டில் சுமையா அவன் தொடையைக் கிள்ளினாள்.

"வயிறு சரியில்லைன்னு மட்டுந்தான சொல்லச் சொன்னேன்? அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு, தார் ரோடெல்லாம் எதுக்குப் போட்டீங்க?"

"உங்கம்மா கேள்வி மேல கேள்வியா கேட்டாக. நான் ஆமா போட்டேன்."

"உண்மையச் சொல்லிருங்க."

"உங்கம்மாதான? நீ சொல்லு."

"ம்ஹும். யோசனை குடுத்த என்னையத்தான் முதல்ல வெட்டுவாக."

டாக்டர் நாகஜோதியின் அறைக்குள் மூவரும் நுழைந்தார்கள்.

"என்ன செய்யுது தம்பி?"

"லேசா... வயிறு..."

"லேசா இல்ல டாக்டரம்மா," என்றார் மாமி பின்னாலிருந்து. நெஞ்செரிச்சல், அடைப்பு, கருப்பு எல்லாம் வரிசையாக வந்தன. "எடையும் மளமளன்னு கொறஞ்சிருச்சு."

டாக்டர் கண்ணாடியை இறக்கி, தெறிக்கக் காத்திருந்த அவன் வயிற்றுப் பொத்தானைப் பார்த்தார்.

"எடை கொறஞ்சிருக்கா?"

"இருக்கு," என்று முனகினான் அசாருதீன்.

"இதெல்லாம் வாயுன்னு கசாயம் குடிச்சுக் கடத்துற விஷயமில்ல. கருப்பாப் போச்சுன்னா உள்ள ரத்தம் கசியுதோன்னு பாக்கணும். முழுங்க முடியாம எடையும் கொறஞ்சா ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. இன்னைக்கே மதுரைக்குப் போங்க. வாய் வழியா குழாய் விட்டு இரைப்பையப் பாக்கணும். வெளிநாடெல்லாம் அப்புறம்."

குழாய் என்றதும் அவனுடைய தைரியம் மொத்தமும் போய்விட்டது.

"டாக்டர்! எனக்கு ஒண்ணுமே இல்ல! சத்தியமா இல்ல! பிரியாணி போதும்னு சொல்ல வழி தெரியாமச் சொன்ன பொய்யி!"

சுமையா முகத்தை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"பொய்யா? நோயாளிக்குத்தான் இவ்வளவு துல்லியமாத் தெரியும். யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் டாக்டர்.

"மாமி கேட்டாங்க. நான் ஆமான்னேன். அவ்வளவுதான்."

இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று நினைத்தபடி, திட்டு வாங்கத் தயாராகத் திரும்பினான். மாமி திட்டவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொஞ்சம் எந்திரிங்க மாப்ள," என்று சொல்லி அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார். "அதெல்லாம் எனக்குத்தான் டாக்டரம்மா. என்னையப் பாருங்க."